எங்கட நிழல் பூச்சியம்

கல்முனையில் வருடத்தில் இரண்டு முறை, நட்ட நடுப்பகலில், நேராக நிற்கும் ஒரு கம்புக்கு நிழலே விழாது என்பது உங்களுக்குத் தெரியுமா? இந்த மண்ணில் எத்தனை வருடமாக நடமாடுகிறீர்கள்? ஒருமுறையாவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கமாட்டீர்கள். அது உங்கள் குற்றமல்ல. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரத்தை நம்மை மனப்பாடம் செய்ய வைத்தார்களே தவிர, முற்றத்தில் ஒரு கம்பை நட்டுப் பாருங்கள் என்று எவரும் சொல்லவில்லை. அதைப் பார்த்த ஒரு மனிதரின் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

கல்முனைக்குடியில் கடற்கரையோரம் வசிக்கும் மிஹ்லாருக்கு வயது முப்பத்தைந்து. கடல் பொங்கி வந்து அவருடைய பாடசாலையைக் கொண்டுபோன வருடம் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இப்போது ஒலுவில் துறைமுகத்தில் ஐஸ் கட்டி உடைத்து மீன் பெட்டி அடுக்குகிறார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் போனால் காலை பத்து மணிக்கு வீட்டில் நிற்பார். நிற்கத்தான் வேண்டும். ஏனென்றால் மனைவி ஆகிலா குவைத்தில் ஒரு வீட்டில் பணிப்பெண். மகள் பஹ்மிதாவுக்குப் பதினொரு வயது, மகன் பர்ஸானுக்கு ஆறு.

பெண்களை அனுப்பி வரும் அந்நியச் செலாவணியை இந்த நாடு பெருமையோடு கணக்குப் பார்க்கிறது. அந்தப் பெண்களின் பிள்ளைகள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று எந்த அலுவலகமும் எட்டிப் பார்த்ததில்லை. பஹ்மிதா எப்படி இருந்தாள் தெரியுமா? உம்மா விமானம் ஏறிய நாளிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அழைப்பு வந்தால் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவாள். "புள்ளையக் குடுங்க" என்று ஆகிலா கெஞ்சுவார். மிஹ்லார் கைபேசியை நீட்டிக்கொண்டு பின்னாலேயே நடப்பார். அவள் வாளியைக் கிணற்றில் போட்டுச் சத்தமெழுப்புவாள். இப்படி எட்டு மாதம்.

என்ன செய்வதென்று தெரியாமல்தான் மிஹ்லார் இணையத்தில் தேடத் தொடங்கினார். பிள்ளைகள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய கல்விச் செயற்பாடுகளை இலவசமாகத் தரும் ஒரு பக்கம் அகப்பட்டது. யாரோ நல்ல மனதுக்காரர்கள் தமிழிலும் மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். பணம் கேட்கவில்லை, பதிவு கேட்கவில்லை. "வீட்டிலுள்ள பொருட்களை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்" என்றது முதல் வரி.

யாருடைய வீட்டில்? அந்தப் பட்டியலில் பைன் மரக் கூம்பு இருந்தது, ஊதா முட்டைக்கோஸ் இருந்தது. மிஹ்லார் அசரவில்லை. கூம்புக்குப் பதிலாகத் தென்னங்குரும்பட்டி வந்தது. முட்டைக்கோஸுக்குப் பதிலாகச் செவ்வரத்தம்பூவை அவித்து, அந்தச் சாயத்தில் தேசிக்காய்ப் புளியை ஊற்றினார். நிறம் பளீரென்று மாறியதும் துள்ளிக் குதித்தது பர்ஸான் அல்ல, அவனுடைய வாப்பா. அப்பச் சோடாவும் வினாகிரியும் கலந்த எரிமலை ஒன்று குசினிச் சுவரில் இன்னும் கறையாக இருக்கிறது. கத்தரிக்கோலுக்காக மகனோடு சண்டை பிடிப்பார். "வாப்பா, இது எட்டு வயசுக்குக் கீழ உள்ள ஆக்களுக்கு எண்டு போட்டிரிக்கி" என்பான் பர்ஸான். "வாசிக்கத் தெரிஞ்சிட்டெண்டு கொழுப்பு உனக்கு. தா இஞ்ச!" என்பார் இவர்.

துறைமுகத்தில் அவரோடு வேலை செய்யும் கிருஷாந்தன் விடவே மாட்டார். "மச்சான் மிஹ்லார், இப்ப எத்தனையாம் வகுப்பு? ஸ்கொலஷிப் சோதினை எப்ப?"

"சிரிடா சிரி. உன்ட புள்ளைகளுக்கும் அனுப்பிரிக்கன், பாத்தியா?"

"பாத்தன் பாத்தன். வீட்டில வினாகிரிப் போத்தலக் காணல்ல எண்டு மனிசி என்னத்தான் ஏசுறாள்!"

ஆனால் பஹ்மிதா எதிலும் சேரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் அந்தப் பக்கத்தில் புதிய செயற்பாடு ஒன்று வந்தது. தூரத்திலுள்ள இரண்டு ஊர்களில் இருவர் ஒரே நாளில், தத்தம் ஊரின் உச்சி வேளையில், ஒரு கம்பின் நீளத்தையும் அதன் நிழலையும் அளக்க வேண்டும். நான்கு எண்களையும் அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்பினால் உலகப் படத்தில் இரண்டு ஊர்களிலும் புள்ளி விழும். இரண்டுக்கும் இடையில் ஒரு கோடும் விழும்.

மிஹ்லார் சத்தமாக வாசித்து முடித்தார். படத்தில் நம்முடைய கரையில் ஒரு புள்ளியும் இல்லை. பஹ்மிதா கைபேசியை வாங்கி உற்றுப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "உம்மாட்ட கேளுங்க. அங்கத்த நிழலை அளந்து தருவாவா எண்டு."

எட்டு மாதத்தில் அவள் உம்மாவிடம் கேட்ட முதல் பொருள் அது. பொருளுமல்ல, நிழல்! மிஹ்லார் அன்றிரவு ஆகிலாவிடம் விடயத்தைச் சொன்னார். "எப்பிடியும் அளப்பன் எண்டு சொல்லுங்க" என்றார் ஆகிலா.

எப்படியும் என்ற சொல்லுக்குள் என்ன இருந்தது என்று மிஹ்லாருக்குத் தெரியும். அந்த வீட்டில் வேலை நேரத்தில் கைபேசி தொடக்கூடாது. உச்சி வேளையென்றால் சமையலறையில் நிற்க வேண்டும். பூமி தன்னைத்தானே சுற்றுவதற்கு எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஒரு கம்பின் நிழலை அளக்க ஒரு பெண் ஒளிந்து போக வேண்டியிருக்கிறது. இதை எழுதும்போதே எனக்கு இரத்தம் கொதிக்கிறது. ஆகிலா அளக்காமல் போனால் பஹ்மிதா கிணற்றடிக்குத் திரும்பிவிடுவாள் என்பதும் மிஹ்லாருக்குத் தெரியும். இந்த முறை போனால் திரும்பி வருவது கடினம்.

அந்த நாள் வந்தது. வானத்தில் முகில் இல்லை. மண் நிரப்பிய வாளியில் மண்வெட்டிப் பிடியை நட்டார்கள். நூலில் ஓர் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுக் கம்பு நேராக நிற்கிறதா என்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டுச் சல்மா உம்மா வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"மிஹ்லார், உனக்கென்ன விசரா? உச்சிப் பொழுதில கொமரு ஆகப்போற புள்ளைய முத்தத்தில நிப்பாட்டிரிக்காய்? ஜின் நடமாடுற நேரம்டா!"

"மாமி, ளுஹர் தொழுகைக்கு வாங்கு சொல்ற நேரத்த எதை வெச்சுப் பாத்தாங்க? நிழல் சாயுறத வெச்சுத்தானே? அந்தக் காலத்தில முத்தத்தில நிண்டு நிழல் பாத்த ஆக்கள ஜின் புடிச்சிட்டா?"

"நிழல் இல்லாட்டி அது மனிசனே இல்லடா."

"அப்ப வாங்க. இண்டைக்கு நீங்களும் நானும் மனிசரில்ல. வந்து பாருங்க."

திட்டிக்கொண்டேதான் வந்தார் சல்மா உம்மா. பன்னிரண்டு மணி அடித்தது. கம்பின் நிழல் விரல் நீளத்துக்குச் சுருங்கியிருந்தது. பர்ஸான் மூச்சைப் பிடித்துக்கொண்டான். நிழல் நகம் அளவானது. பிறகு கம்பின் அடிக்குள் நுழைந்து மறைந்தது. கம்பு நின்றது, நிழல் இல்லை! மிஹ்லார் கைபேசியில் அதைப் படமெடுத்தார். வாளியின் நிழல், வேலிக்கட்டையின் நிழல் எல்லாம் தத்தம் காலடிக்குள் ஒடுங்கிவிட்டன. முற்றம் முழுவதும் வெளிச்சம் மட்டும்தான்.

"யா அல்லாஹ்!" சல்மா உம்மா தன்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்ட நிழல எங்கடா கொண்டு போனீங்க?"

"காலுக்குக் கீழ ஒளிச்சிட்டு மாமி, அசையாதீங்க!" என்று மிஹ்லார் கத்த, பர்ஸான் விழுந்து விழுந்து சிரித்தான். பஹ்மிதா மட்டும் சிரிக்கவில்லை. "வாப்பா, உம்மாக்கு எப்ப உச்சி?" என்று கேட்டாள்.

குவைத்தின் உச்சி வேளை நம்முடைய நேரப்படி இரண்டு மணி கடந்துதான் வரும். சூரியன் இங்கிருந்து அங்கு போய்ச் சேர அவ்வளவு நேரம். மிஹ்லார் அதைச் சொன்னதும் அவள் விறாந்தையில் கைபேசிக்கு முன்னால் உட்கார்ந்தாள். சோறு வேண்டாமென்றாள். இரண்டு மணியானது. இரண்டரையானது. மூன்றுக்கு நெருங்கியபோது மெல்ல எழுந்து கிணற்றடிப் பக்கம் பார்த்தாள்.

கைபேசி சிணுங்கியது. படமில்லை, குரல் பதிவு. காற்று இரைச்சலுக்குள் ஆகிலாவின் கிசுகிசுப்பு: "மகள், சரியா உச்சிக்கே மொட்டை மாடியில உடுப்புக் காயப் போட வந்த மாதிரி வந்தன், இப்பதான் போனை எடுக்க ஏலுமாச்சு. அளக்க ஒண்டும் கிடைக்கல்ல, சாணால அளந்தன். நிலம் துடைக்கிற கம்பு ஏழு சாண். நிழல் மூணு சாண் வரல்ல, ரெண்டு விரல் குறையும். ரெண்டு தரம் அளந்து பாத்தன் மகள், சரி. ஆக்கள் வாறாங்க, வெக்கிறன்."

பஹ்மிதா அதை மூன்று முறை கேட்டாள். பிறகு தன் கையை விரித்து, விரல்களை அடுக்கி அடுக்கிப் பார்த்தாள்.

"வாப்பா, ஒரு சாணுக்குப் பன்னிரண்டு விரல் வருது. கம்பு எண்பத்திநாலு விரல். நிழல் முப்பத்திநாலு விரல்."

"சென்ரிமீற்றர் வேணாமா புள்ள?"

"எந்த அளவெண்டாலும் பரவாயில்ல, கம்புக்கும் நிழலுக்கும் ஒண்டா இருந்தாச் சரி எண்டு போட்டிரிக்கி. வாசிக்கல்லயா நீங்க?"

கடதாசியில் முக்கோணம் கீறிப் பாகைமானியை வைத்தாள். இருபத்திரண்டு பாகை! அவளுடைய தலைக்கு நேர்மேலே நின்ற சூரியன், அதே நாளில் உம்மாவின் தலைக்கு இருபத்திரண்டு பாகை சரிந்து நின்றிருக்கிறது. பூமி தட்டையாக இருந்தால், அவ்வளவு தூரத்திலுள்ள சூரியன் இருவருக்கும் ஒரே மாதிரித்தான் நிற்க வேண்டும். பூமி உருண்டை என்று புத்தகத்தில் படித்தவர்கள் கோடிப் பேர். உம்மாவின் சாணிலிருந்து அதைக் கண்டுபிடித்தவள் பஹ்மிதா.

நான்கு எண்களையும் கைபேசியில் இட்டாள். கல்முனை நிழல் என்ற பெட்டியில் பூச்சியம். அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். சிவப்பில் ஒரு வரி எழும்பியது: "பூச்சியத்தை விடப் பெரிய எண்ணை இடவும்."

மறுபடி அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு.

பாருங்கள் அநியாயத்தை! அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் கெட்டவர்களல்ல. ஆனால் அவர்கள் தலைக்கு மேலே ஒருநாளும் சூரியன் நேராக நின்றதில்லை போலும். நிழலில்லாமல் ஒரு பிள்ளை உலகத்தில் எங்காவது நிற்கக்கூடும் என்பது அவர்கள் கற்பனையில் இல்லை.

"ஒண்டு எண்டு போட்டுட்டு அனுப்புங்களன். ஆரு வந்து பாக்கப்போறான்?" என்றார் சல்மா உம்மா.

மிஹ்லாரின் விரலும் ஒன்றை நோக்கிப் போனது. ஆறு மணிக்குக் கதவு மூடிவிடும். ஆகிலா ஒளிந்து நின்று அளந்தது வீணாகிவிடும். ஒன்றுதானே?

பஹ்மிதா அவர் கையைத் தட்டிவிட்டாள். "உம்மா வெயிலுக்க நிண்டு ரெண்டு தரம் சரி பாத்திரிக்கா. நாம பொய் போடுறதா?"

பெட்டிக்குக் கீழே தனியாகக் கருத்து எழுதும் இடம் இருந்தது. அதில் எழுதினாள்: "எங்கட ஊரில் இன்று நிழல் பூச்சியம். படம் இணைத்திருக்கிறோம். எங்கட அளவு பிழையில்லை. உங்கட பெட்டிதான் பிழை." அனுப்பினாள். அதோடு நிற்கவில்லை. ஆகிலாவின் பெயரைத் தொட்டு, குரல் பதிவை அழுத்தி, வாய்க்கு அருகில் பிடித்தாள்.

"உம்மா, நீங்க அளந்தது சரி. இருபத்திரண்டு பாகை வருது. எங்கட நிழல் பூச்சியம் உம்மா, அவங்கட பெட்டி அதை எடுக்குதில்ல. நாங்க பொய் போடல்ல. இனி வெயிலுக்க நிக்காதீங்க. தலையிடி வரும் உங்களுக்கு."

மிஹ்லார் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளியிலிருந்த கம்பைப் பிடுங்கப் போனார்.

மாலை அஸர் தொழுகையும் முடிந்தது. பஹ்மிதா பொத்தானை அழுத்திக்கொண்டேயிருந்தாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஆறு மணி ஆக இன்னும் கொஞ்சம் இருக்கையில், அழுத்தியவள் அலறினாள். பச்சை! எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவர் அவளுடைய நான்கு வரிகளை வாசித்துப் பெட்டியைத் திருத்தியிருக்கிறார். படம் திறந்தது. நம்முடைய கரையில் முதற் புள்ளி. குவைத்தில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் இடையில் கடலைத் தாண்டி ஒரு கோடு. பர்ஸான் வீதிக்கு ஓடிக் கண்ட எல்லாருக்கும் சொன்னான். சல்மா உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எங்க, என்ட வீடும் அதுக்குள்ள வந்திட்டா?" என்று கேட்டார்.

அன்று ஆகிலா வேலை முடிந்து அழைத்தபோது கைபேசியைப் பறித்தது பஹ்மிதா. மிஹ்லாருக்கு முறையே வரவில்லை. "எனக்கும் தாவன் புள்ள" என்று இப்போது அவர்தான் கெஞ்சிக்கொண்டு பின்னால் நடந்தார்.

மறுநாள் ஒலுவிலில் ஐஸ் உடைத்துக்கொண்டே நடந்ததை மிஹ்லார் சொல்லி முடித்தார். கிருஷாந்தன் இந்த முறை சிரிக்கவில்லை. "அடுத்தது எப்ப மச்சான்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்தது செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில். சூரியன் தெற்கே திரும்பிப் போகும் வழியில் நம்முடைய தலைக்கு நேரே மறுபடியும் வரும். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது சிறிய காரியம். உங்கள் கைபேசியை அரை நாள் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு கம்பை நடுங்கள். வெளிநாட்டில் யார் இருக்கிறார்களோ, உம்மாவோ வாப்பாவோ, அவர்களிடமும் ஒரு நிழல் கேளுங்கள். உச்சிப் பொழுதில் பிள்ளையை வெளியே விடாதே என்று யாராவது சொன்னால் அவரையும் முற்றத்துக்கு அழைத்து வாருங்கள். உலகத்தின் எந்தப் பெட்டியாவது உங்கள் பிள்ளையின் பூச்சியத்தை ஏற்க மறுத்தால், தயவுசெய்து ஒன்று என்று போட்டுவிடாதீர்கள். பெட்டியைத் திருத்தச் சொல்லி எழுதுங்கள்.