ராகு காலம் காணாமல் போன காலண்டர்

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கும் ஓர் அச்சகத்தில் அத்தனை புரோகிராமும் நான் எழுதியதுதான். இரண்டாயிரங்களின் நடுவில் எங்கள் பக்கம் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது. திமிர் பிடிக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது.

திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் என்று வருடம் முழுவதற்குமான விவரம் ஒரே பட்டியலாகக் கம்ப்யூட்டரில் இருக்கும். ஆர்டர் கொடுத்தவர் விருப்பப்படி அதில் கூட்டியோ குறைத்தோ முந்நூற்று அறுபத்தைந்து தாள்களையும் என் புரோகிராம் அமைத்துக் கொடுக்கும். அதை ஓடவிட்டு, ப்ரூப் பார்த்து, மறுபடி ஓட்டி அச்சுக்கான பிலிமுக்கு அனுப்புவது ஆமத்தூரிலிருந்து வரும் ஒரு பெண்ணின் பொறுப்பு. பள்ளிப் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் பட்டாசு ஆலையில் இருந்தவர். கூடவே வேலை பார்த்த அக்காவுக்குக் கை வெந்துபோனதும், இனி அந்த ஆலை வேனில் ஏறுவதில்லை என்று விருதுநகரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு எங்களிடம் சேர்ந்தார்.

ஒரு புரட்டாசி மாதச் செவ்வாய்க்கிழமை, ஆர்டர் கொடுத்திருந்த சாத்தூர் நகைக்கடைக்காரர் போனில் கத்தியது முதலாளி அறைக்கு வெளியிலும் கேட்டது. அவருக்கு அனுப்பிய மாதிரிக் காலண்டரில் ஒரு தாளில்கூட ராகு காலம் இல்லை, எமகண்டம் இல்லை.

"ராகு காலம் பாக்காம எவன்யா தாலிக்குத் தங்கம் எடுப்பான்? என் கடைய மூடச் சொல்லுதீகளா?"

அதற்குள் அவருடைய தாள்கள் முழுவதும் அடித்து முடிந்திருந்தன. முதலாளி சத்தம் போடுகிற ஆள் இல்லை, அதனாலேயே எங்களுக்குப் பயம். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு ப்ரூப்பையும் அச்சான தாளையும் அருகருகே வைத்தார்.

"ப்ரூப்புல இருக்கு. பிலிம்ல இல்ல. நடுவுல இத தொட்டது யாரு?"

நடுவில் தொட்டது அந்தப் பெண் மட்டும்தான். முதலாளி என்னைப் பார்த்தார். "தனியா ஓட்டிப் பாத்தேன், சரியாத்தான் வருது" என்றேன். உண்மைதான், ஓட்டிப் பார்த்திருந்தேன். ஆனால் அந்தச் சொல் அவரை எங்கே தள்ளும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"விசாரிச்சிட்டுச் சொல்லி அனுப்புறேன். அதுவரைக்கும் வர வேண்டாம்மா" என்றார் முதலாளி. சொல்லி அனுப்புவது எங்கள் கம்பெனியில் நடந்ததே இல்லை. போனவர்கள் போனவர்கள்தான்.

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் என் மேஜைக்கு வந்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், எப்பவும் ஒரு ஆர்டர் முடிஞ்சதும் புரோகிராம மூடிட்டுத்தான் அடுத்தத எடுப்பேன். பிலிமுக்கு ஓட்டுன அன்னிக்கி வேல அம்புட்டுக் கிடந்துச்சா, மூடாம அடுத்தடுத்து ஓட்டிட்டேன். மொதல்ல சர்ச்சு ஆர்டரு, பெறகு நகைக்கடை. அதுல எதுவும் ஆயிருக்குமா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"இல்ல சார். ஆலைல ஒரு மருந்து சலிச்ச சல்லடைல இன்னொரு மருந்தச் சலிக்க விட மாட்டாக. கண்ணுக்குத் தெரியாம ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த மாதிரி எதுவும் இருக்குமோன்னு கேட்டேன்."

பட்டாசு மருந்தையும் என் புரோகிராமையும் ஒன்றாக்கிப் பேசியதில் எனக்குச் சுருக்கென்றது. திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை. சர்ச் ஆர்டரை ஓட்டினேன். புரோகிராமை மூடாமல் நகைக்கடையை ஓட்டினேன். ராகு காலம் இல்லை. நான் எழுதியதைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன்.

சர்ச்சில் ராகு காலமும் எமகண்டமும் வேண்டாம் என்றிருந்தார்கள். அவர்களுக்கென்று தனித் தாள் செய்யாமல், எல்லோருக்கும் பொதுவான பட்டியலிலேயே அந்த இரண்டையும் அழிக்கும்படி நான் எழுதியிருந்தேன். மூடித் திறந்தால் பட்டியல் மறுபடி முழுதாக வந்துவிடும். மூடாவிட்டால் முந்தைய ஆளின் விருப்பம் அடுத்த ஆளின் தலையில் விடியும். அந்தப் பெண் தினமும் மூடித் திறந்து இரண்டு வருடமாக என் தப்பை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று புரோகிராம் எழுதும் ஒரு முறையைப் பற்றி பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த ஒரு கட்டுரை என் மேஜை டிராயரில் கிடந்தது. வாத்தியார்களுக்கு வேறு வேலை இல்லை என்று பாதியில் விட்டது. அதில் சொல்லியிருந்தது இம்புட்டுத்தான்: உன்னிடம் கொடுத்ததை மாற்றாதே, அதைப் பார்த்துப் புதிதாக ஒன்றைச் செய்து கொடு. அதே சரக்கை எத்தனை முறை கொடுத்தாலும், முன்னால் யார் வந்து போயிருந்தாலும், அதே விடை வரவேண்டும்.

அப்போதே மாடிப்படி ஏறி முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு படிதான். சரிசெய்துவிட்டுச் சொன்னால் மரியாதையாக இருக்குமே என்று தோன்றியது. யாருக்கு மரியாதை என்று யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றி எழுதினேன். பட்டியலை யாரும் தொட முடியாதபடி பூட்டினேன். ஒரு நாளின் விவரமும் ஆர்டர்காரரின் விருப்பமும் உள்ளே போகும், புதுத் தாள் ஒன்று வெளியே வரும். அதைச் செய்யும் ஃபங்ஷன் என்ற சிறு புரோகிராம் துண்டுக்கு வேறெதுவும் தெரியாது, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. ஆர்டர்களை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டு ஓட்டினேன். எல்லாம் சரியாக வந்தது. வெட்கம் கெட்ட மனசு, அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியிடம், "புரோகிராம்ல ஒரு சின்னக் கோளாறு இருந்துச்சு, சரியாயிருச்சு" என்றேன். "அப்ப அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க" என்றார் அவர்.

ஆமத்தூருக்குப் போனேன். வீட்டில் அவருடைய அக்காதான் இருந்தார். வெந்துபோன அந்தப் புறங்கையில் தோல் சுருங்கிப் பளபளத்தது. "ஆலைக்குப் போயிருக்கா சார். தீவாளி சீசன்ல, ஆள் வேணும்னு வேன்காரரு கூப்பிட்டாரு" என்றார். அவர் சொன்ன ஆலைக்குப் போய் வாசலுக்கு வெளியே காத்திருந்தேன். காவலாளி என் செல்போனையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே ஏதோ இரும்புக் கதவு சாத்திய சத்தத்துக்கே எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. வேலை முடிந்து பெண்கள் வரிசையாக வந்தபோது அவரை உடனே அடையாளம் தெரியவில்லை. முழங்கை வரை வெள்ளி நிறத்தில் மருந்து அப்பியிருந்தது.

"தப்பு புரோகிராம்லதான். நீங்க வேலைக்கு வரலாம்" என்றேன்.

"எப்பத் தெரிஞ்சுச்சு சார்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "புதன்கிழமை சாயங்காலம்."

"வியாழக்கிழமை காலைலதான் நான் இந்த வேன்ல ஏறுனேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. பின்னால் டிரைவர் ஹாரன் அடித்தார்.

"மொதலாளிகிட்ட என்னன்னு சொன்னீக?"

"சின்னக் கோளாறுன்னு."

"திங்கக்கிழமை வாரேன் சார். அதுக்குள்ள கோளாறு யாருதுன்னு சொல்லிருங்க. என்னைக்குத் தெரியும்கிறதையும் சொல்லிருங்க." வேனில் ஏறிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை முதலாளியிடம் இரண்டையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.