ஒரு சாண் தளர்வு

டெய்லரக்காவுக்குக் காற்று என்றாலே பயம். போன புயலில் தகரக் கூரை மொத்தமாகப் பறந்துபோய், மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த குடும்பம். ஃபேனைக்கூட அவள் ஒன்றுக்கு மேல் வைக்க மாட்டாள் என்று தெருவில் கேலி உண்டு. கேலி செய்கிறவர்களுக்கு என்ன, அவர்களுடையது காங்கிரீட் வீடு.

இந்தத் தடவை புயல் என்றதும் பாதித் தெரு முகாமுக்குக் கிளம்பிவிட்டது. இவளால் முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்த மாமியார் கட்டிலோடு கிடந்தாள். தூக்கிப்போக வருகிறோம் என்ற வண்டி வரவேயில்லை. இனி அந்தக் கிழவியின் உயிர் தலைக்கு மேலே இருக்கிற புதுத் தகரத்தை நம்பித்தான்.

புருஷன் படகுக்காரன். கயிறு விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவனுடைய சொந்த அபிப்பிராயம். காலையிலேயே படகுக் கயிற்றை இரட்டையாக மடித்து, கூரையின் குறுக்கே இரண்டு இடத்தில் போட்டு, தரையில் அடித்த இரும்பு முளைகளில் கட்டினான். கட்டியவன், ஒரு சாண் தளர்த்தியும் விட்டான்.

“ஏங்க, தொய்வா இருக்கே?”

“அப்படித்தான் இருக்கணும். விறைப்பா கட்டினா, அலை இழுக்கிற இழுப்புல கயிறு அறுந்துடும்.”

“வீட்டுக்கு ஏதுங்க அலை? தையல் லூசா இருந்தா அங்கதான் முதல்ல கிழியும். ஆட விட்டா அடிச்சே உடையும்.”

“நீ ஜாக்கெட்டைப் பாரு, கயித்தை நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, படகைக் கட்டப் படகுத்துறைக்கு ஓடினான்.

அவன் போய்ச் சேர்வதற்குள் காற்று பிடித்துக்கொண்டது. தகரம் முதலில் முணுமுணுத்தது, பிறகு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. அவன் விட்ட அந்த ஒரு சாணுக்குக் கூரை எழும்பி எழும்பி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் சுவரோரம் வானம் தெரிந்து மறைந்தது. எங்கோ ஓர் ஆணி கழன்று தரையில் விழுந்தது. போனவனையும் காணோம்.

“அத்தை, கயித்தை முறுக்கி இறுக்கணும். ஒரு கயித்துக்குக் கடப்பாரை இருக்கு. இன்னொண்ணுக்கு?”

“என் ஊன்றுகோலை எடுத்துட்டுப் போ. நான் என்ன, ஓட்டப்பந்தயத்துக்கா போகப் போறேன்?” என்றாள் மாமியார். வாய் ஜோராகத்தான் பேசியது, குரல்தான் நடுங்கியது.

சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வெளியே போனாள். மணல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. இரட்டைக் கயிற்றின் நடுவே கடப்பாரையை நுழைத்து, ஈரப் போர்வையைப் பிழிவதுபோல முறுக்கினாள். அடுத்ததை ஊன்றுகோலால். முறுக்கு அவிழாமலிருக்க, தைக்க வைத்திருந்த துணியைக் கிழித்துக் கட்டினாள். உள்ளே வந்து விழுந்தபோது உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. சமையலறைக்கு மேலே இருந்த தகரம் ஒன்று போயே போய்விட்டது. மற்றதெல்லாம் முனகிக்கொண்டே நின்றது. எதற்கெடுத்தாலும் முட்டிக்கொள்ளும் மாமியாரும் மருமகளும் சாயங்காலம்வரை கையை விடாமல் பிடித்திருந்தார்கள்.

காற்று தணிந்த பிறகு அவன் வந்தான், தொப்பலாக நனைந்து, முழங்கால் தோல் உரிந்து. உயிரோடு பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு, ஒரு வாரத்துக்குத் தாங்கும்படி திட்டும் சேர்த்து வைத்திருந்தாள். அவன் முறுக்கிய கயிற்றையும் ஊன்றுகோலையும் மாறி மாறிப் பார்த்தான்.

“படகு?” என்றாள்.

“போச்சு.”

“எப்படிங்க?”

“போற வழியெல்லாம் தகரம் பறந்துக்கிட்டு இருந்துச்சு. தளர்த்தியா கட்டின கூரையெல்லாம் அடிச்சு அடிச்சே பிச்சுக்கிச்சு. ஐயோ, நீ சொன்னதுதான் சரின்னு பட்டுச்சு. திரும்பி வரலாம்னா மரம் விழுந்து பாதை அடைச்சுக்கிச்சு. படகையாவது ஒழுங்கா கட்டுவோம்னு...” அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். “இழுத்து இறுக்கிக் கட்டிட்டேன்.”

சேர்த்து வைத்த திட்டை அப்படியே விட்டுவிட்டு, துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள்.

“யாரு, அவன் வந்துட்டானா?” என்று உள்ளேயிருந்து கிழவி கேட்டாள். “படகைப் பத்திரமா கட்டினானாமா?”

“நல்லா இறுக்கிக் கட்டினாராம், அத்தை” என்றாள் அவள்.