பிரான்சிஸ்கா சொன்ன ஓம்

வங்காலைக் கடற்கரையில் கருவாடு காயப்போட்டுப் பிழைத்தவள் பிரான்சிஸ்கா. கணவன் அருளப்பு கடற்றொழிலாளி. இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் பெற்றிசியா தலைப்பிள்ளைப் பேற்றில் செத்துப்போனாள்.

பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவிச்சி சொன்னதும் அவளை அருகிலிருந்த சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அங்கே டொக்டர் இல்லை. இருந்தவர் மாற்றலாகிப் போய் மாதக்கணக்காகியும் அந்த இடத்துக்கு வர ஆள் கிடைக்கவில்லை. மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லித் தாதி கெஞ்சினாள். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தள்ளாடிச் சந்தியைத் தாண்டி, மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதியில் ஏறுமுன்னமே, தாயின் மடியில் பெற்றிசியாவின் முனகல் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து பிரான்சிஸ்காவுக்குள் பயம் குடியேறியது. இளையவள் செலீனாவுக்கு இலேசாக உடம்பு சுட்டாலே அவளுக்குக் கை கால் ஓடாது. செலீனா பெரியபிள்ளையானபோது ஊர்ப் பெண்கள் சிரித்துக்கொண்டு பலகாரம் சுட்டார்கள். பிரான்சிஸ்கா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இவளும் ஒருநாள் பிள்ளை பெறவேண்டுமே!

அருளப்பு அழவில்லை. ஆனால் யாரைக் கண்டாலும் ஒரே கேள்விதான் கேட்டார். "ஏன் எங்கட பக்கத்துக்கு டொக்டர்மார் இல்லை?"

அதற்கு ஒருவர் பதில் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அரசாங்கம் புதிதாக மருத்துவ பீடம் திறந்திருந்த காலம் அது. நானாட்டானில் நடந்த ஒரு கூட்டத்துக்கு அருட்பிரகாசம் என்ற ஓய்வுபெற்ற வைத்தியர் வந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் அருளப்பு அவரை மறித்தார்.

"ஐயா, அங்க படிச்சு வாற பிள்ளையள் இஞ்சால வருவினமோ?"

"வருவினம். அதுக்குத்தானே துறந்திருக்கு. ஆனா உடனை இல்லை. டொக்டர் ஒருத்தர் வாறதெண்டால் வருசக்கணக்கா எடுக்கும்."

"நாங்கள் ஏதும் செய்யேலாதோ? மீன்பிடிக்கிற ஆக்கள் நாங்கள். எங்களிட்ட என்ன கிடக்கு?"

 மாணவர்கள் முதலில் படிப்பது இறந்த மனிதரின் உடலில்தான் என்றும், விரும்பிக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு என்றும் வைத்தியர் சொன்னார்.

வீட்டுக்கு வந்த அருளப்பு கதிரையை இழுத்துப் போட்டு மனைவியின் முன்னால் உட்கார்ந்தார்.

"பிரான்சிஸ்கா, நான் செத்தால் என்ரை உடம்பை யாழ்ப்பாணத்துப் பிள்ளையளுக்குக் குடுக்க வேணும். நீ ஓம் எண்டால்தான். இல்லையெண்டால் விடுவம்."

 "என்ன கதை கதைக்கிறீங்கள்? கடைசி நாளிலை எல்லாரும் எழும்பேக்கை நீங்கள் எதோடை எழும்புவீங்கள்?"

"கடலிலை போன ஆக்களை மீன் திண்டது. அவையளை ஆண்டவர் எழுப்பமாட்டாரோ?"

 அருளப்பு நல்ல திடகாத்திரமான மனிதர். தனக்கு முன்னால் சாகமாட்டார் என்று நினைத்துக்கொண்டு, "ஓம்" என்றாள்.

சொன்ன கணத்திலிருந்து அந்தச் சொல் அவளை உறங்கவிடவில்லை. அவர் இருமினால் பதறினாள். அவர் கடலுக்குப் போனால், வள்ளம் திரும்பும்வரை செபமாலையைக் கீழே வைக்கமாட்டாள். வெள்ளைத் துணியால் மூடிய மேசையும் கத்தி பிடித்த கைகளும் பகலிலேயே கண்முன் வந்து நின்றன.

எண்பத்தோராம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு காலை, வள்ளத்தைக் கரையேற்றும்போது அருளப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் சாய்ந்தார். தூக்கிக்கொண்டு வந்து பாயில் கிடத்தியபோது உயிர் இல்லை.

வீடு நிறைய ஆட்கள். அருளப்புவின் தம்பி சிங்கராசா சவப்பெட்டிக்குச் சொல்லிவிட்டு, குழி வெட்டவும் ஆள் பிடித்தான். பிரான்சிஸ்கா அவனைத் தனியே கூப்பிட்டாள். 

"தம்பி, குழி வேண்டாம். அவரை யாழ்ப்பாணம் கொண்டுபோக வேணும்."

"மச்சாள், உங்களுக்கு என்ன விசரோ? என்ரை அண்ணனை வெட்டக் குடுக்கப் போறியளோ? ஊர் என்ன சொல்லும்? பிணத்தை வித்தவள் எண்டு சொல்லும்!"

அவன் மட்டுமல்ல, பலர் சத்தம் போட்டார்கள். 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும், அவரைக் கோயில் மண்ணில் வைத்துவிடலாம். அந்தச் சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் முற்றத்தில் செலீனா நிற்பதைக் கண்டாள். மணம் முடிக்கும் வயது; நாளைக்கு இவளுக்கும் பேறுகாலம் வரும். பிரான்சிஸ்கா பங்குச் சுவாமியிடம் ஆள் அனுப்பினாள்.

சுவாமி வந்தார். "திருச்சபை இதைத் தடுக்கேல்லை. அவர் விரும்பிக் குடுத்தது. நாங்கள் செபிச்சு அனுப்புவம்" என்றார். சிங்கராசா வேலியைப் பிடித்துக்கொண்டு தேம்பினான்.

வெயில் ஏறுமுன் புறப்படவேண்டும். மீன்வாடியிலிருந்து ஐஸ் கொண்டுவந்து பெட்டிக்குள் சுற்றிவர அடுக்கினார்கள். மீனுக்குப் போடுவதுபோல் தன் மனிதனுக்கும் ஐஸ் போடுவதைப் பார்க்க முடியாமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாப்பாமோட்டை ஊர் யோகராசா வாடகைக்கு ஓட்டும் வானில் பெட்டியை ஏற்றினார்கள். சிங்கராசா வரவில்லை. பிரான்சிஸ்காவும் யோகராசாவும் மட்டும்தான்.

அந்த மாதம்தான் யாழ்ப்பாணத்தில் நூலகத்தையும் கடைகளையும் எரித்திருந்தார்கள். வழியில் யாரும் நிற்கவில்லை. பூநகரி நெருங்கியபோது வீதியில் ஆமிக்காரர் நின்றார்கள். ஒருவன் துவக்கை நீட்டி வானை மறித்தான்.

"பெட்டிய அரின்ன!"

"பெட்டியைத் துறக்கட்டாம், அக்கா" என்றார் யோகராசா.  பெட்டியிலிருந்து ஐஸ் உருகித் தண்ணீர் வீதியில் சொட்டிக்கொண்டிருந்தது. கொலை செய்து ஒளித்துக் கொண்டுபோகிறோம் என்று நினைத்தால்? இருவரையும் இங்கேயே சுட்டால் செலீனாவுக்கு யார்?

அவளே மூடியை நகர்த்தினாள். சிப்பாய் எட்டிப் பார்த்தான். இளம் பெடியன்; அரும்பு மீசை. சட்டென்று பின்வாங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினான். சங்குப்பிட்டியில் வாகனங்களைக் கரைகடத்தும் பாதைப்படகில் வான் ஏறியபோது அவள் மூடியைச் சரிசெய்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

மருத்துவ பீடத்தில் ஒரு வயதான அலுவலர் பொறுப்பெடுத்தார். பிரான்சிஸ்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அவருக்குக் கூச்சம். ஒரு துணியாவது போட்டுவிடுங்கோ."

"போடுவம் அம்மா. நீங்கள் பயப்படாதேங்கோ."

திரும்பும்போது வானில் வெறும் பெட்டி இருந்தது. அதுதான் போன பயணத்தைவிடக் கொடுமை. பள்ளங்களில் வான் விழும்போதெல்லாம் பெட்டி இலேசாகத் துள்ளியது. ஊரில் அதை யாரும் தொடவில்லை. கடைசியில் சிங்கராசா வந்து அதைச் சவக்காலையில் புதைத்து ஒரு குருசு நட்டான். ஆத்துமாக்கள் திருநாளில் எல்லோரும் தங்கள் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தியபோது, பிரான்சிஸ்கா வெறுங்குழியின் மேல் கொளுத்தினாள். தான் செய்தது பாவமோ என்ற நடுக்கம் அவளை விடவில்லை.

சில வருடங்களின் பின், மணமாகியிருந்த செலீனாவுக்குப் பேற்று வலி கண்டது. சண்டைக்காலம்; வீதிகள் பாதி நாள் மூடிக்கிடந்தன. எப்படியோ மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார்கள். பிள்ளைக்குக் கொடி சுற்றியிருந்தது. வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த பிரான்சிஸ்காவுக்கு உழவு இயந்திரப் பெட்டியின் சத்தமே காதில் கேட்டது. ஆனால் இம்முறை டொக்டர் இருந்தார். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார். பெண்பிள்ளை. தாயும் பிழைத்தாள்.

வெளியே வந்த டொக்டரைப் பிரான்சிஸ்கா மறித்தாள். "தம்பி, நீங்கள் யாழ்ப்பாணத்திலையோ படிச்சனீங்கள்?"

"இல்லை அம்மா, கொழும்பிலை. ஏன்?"

அவள் முகம் வாடியது. அதே கணம் ஏனோ மூச்சும் இலகுவானது. பிறகு மெல்ல, "அந்தச் செத்த உடம்புகளிலை படிக்கேக்கை என்ன செய்வியள்?" என்று கேட்டாள். காரணத்தையும் சொன்னாள்.

அவர் வாங்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதல் நாள் எங்கள் எல்லாருக்கும் பயம், அம்மா. என்ரை கை நடுங்கி ஒண்டும் செய்யேலாமல் போச்சு. முகத்தைத் துணியாலை மூடியிருந்திச்சினம். ஆரெண்டு தெரியாது. அந்த மனுசன்ரை வீட்டிலை ஆர் அழுகினமோ எண்டு நினைச்சு அண்டைக்கு நான் சாப்பிடேல்லை." பிறகு, "யாழ்ப்பாணத்திலை படிச்ச ஒராள் கெதியிலை இஞ்ச வாறார். வந்தால் உங்களுக்குச் சொல்லட்டோ?" என்றார்.

"வேண்டாம் தம்பி" என்றாள் அவள் அவசரமாக. "நான் அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பார்க்கமாட்டன்."

ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கும் கை நடுங்கியிருக்கும் என்பதை அவள் மறக்கவில்லை. அதற்குப் பிறகு செபமாலை சொல்லும்போது, முகம் தெரியாத அவர்களுக்காகவும் ஒரு அருள்நிறை மந்திரம் சேர்த்துக்கொண்டாள்.

முதுமையில் நோயில் விழுந்தபோது, "அம்மா, நீங்களும் ஐயாவைப் போல..." என்று செலீனா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஐயோ வேண்டாம் பிள்ளை" என்றாள் பிரான்சிஸ்கா. "அவருக்குப் பயமில்லை. எனக்குப் பயம். என்னை மண்ணிலைதான் வைக்க வேணும்."

அப்படியே வைத்தார்கள்.