டிரம்பெட்டுக்குப் போட்ட காப்பர் வளையம்

முத்தியால்பேட்டையில் ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வாத்தியத்துக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. போன தை மாதம் ஒரு நாள் காலையில் மருதாணிக் கையோடு ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து, துண்டில் சுற்றிய டிரம்பெட்டை என் மேசையில் வைத்தாள். கடை மாறி வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

பெயர் ஸ்டெல்லா, வீடு உப்பளம் ஏரியாவில். அப்பா ஆரோக்கியம் பேண்டு வாசிப்பவர். மறுநாள் அவளுக்குக் கல்யாணம்.

"சைடு ஸ்டாண்ட சரியா போடலண்ணே. அப்பா தொடைச்சு வாசப்படியில வெச்சிருந்தாரு. வண்டி சாஞ்சு அது மேலயே விழுந்துடுச்சு."

துண்டைப் பிரித்தேன். ஊதுகிற பக்கத்துப் பைப் மடங்கி இரண்டாக உடைந்திருந்தது.

"வாத்தியக் கடையில காட்ட வேண்டியதுதானம்மா?"

"காட்டிட்டேன். பத்து நாளு ஆவும்னுட்டாங்க. வேற ஒண்ணு வாங்கித் தரேன்னாலும் அப்பா வேணாங்கறாரு. திட்டக்கூட இல்லண்ணே. திட்டியிருந்தா தேவல. எங்க வீட்டு ஃபிரிட்ஜ் பைப்ப நீங்கதான ஒட்டுனீங்க? அது இன்னும் நிக்குதே!"

எத்தனையோ மணப்பெண்களை மாதா கோயில் வாசலில் வாசித்து அழைத்தவர், தன் பெண்ணை இதே டிரம்பெட்டில் அழைக்க வேண்டும் என்று அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாராம். அதைச் சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணப் பெண் கடையில் நின்று அழுதால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? சாயங்காலம் அப்பாவை வரச் சொல் என்று வாயை விட்டுவிட்டேன்.

வாயை விட்ட பிறகுதான் பயம் வந்தது. காப்பர் நெருப்பைத் தாங்கும். இது மெல்லிய பித்தளை. ஒரு நொடி அதிகமாகக் காட்டினால் மெழுகாக உருகிவிடும். பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டு மெதுவாக நெளிவு எடுத்தேன். அரை இஞ்ச் காப்பர் டியூபில் ஒரு துண்டு வெட்டி, ஸ்வேஜ் அடித்து விரித்து, உடைந்த இரண்டு முனைகளுக்கும் மேல் வளையமாக மாட்டினேன். ஃப்ளக்ஸ் பசை தடவி, ஒட்டுகிற சில்வர் ராடை உருக்கி விட்டேன். அவ்வளவு நேரமும் மூச்சுவிட்டேனா என்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் ஆரோக்கியம் வந்தார். ஒல்லியான மனிதர், முகத்தில் ஈயாடவில்லை. டிரம்பெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் உடம்பில் செம்பு வளையம் பளிச்சென்று தெரிந்தது.

"ஊதுங்க, லீக் பாக்கணும்" என்று ஜாயின்டில் சோப்பு நுரையைத் தடவினேன். எங்கள் தொழிலில் அதுதான் பரீட்சை. நுரை முட்டை விட்டால் லீக்.

ஊதினார். தெருவே திரும்பிப் பார்த்தது. ஜாயின்டில் ஒரு முட்டைகூட இல்லை. ஆனால் நான் நுரையை வாரித் தடவியதில் கொஞ்சம் புனல் வாய்க்கும் போயிருக்க வேண்டும். அங்கிருந்து ஒரு பெரிய முட்டை கிளம்பி, ஆடி ஆடிப் போய் எதிரே டீக்கடைக்காரர் வழுக்கைத் தலையில் உடைந்தது. ஆரோக்கியம் அப்போதுதான் சிரித்தார்.

மறுபடி வாயில் வைத்து மேல் ஸ்தாயிக்குப் போனார்.

"இந்த எடத்துல எப்பவும் பிசிறு தட்டும் மெக்கானிக்கு. இப்ப சுத்தமா நிக்குது!"

பைப் உடைந்த இடத்தில் முன்பே மயிரிழை விரிசல் இருந்திருக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை. நன்றாக ஒட்டின ஜாயின்டில் மறுபடி லீக் வராது. வந்தால் வேறு இடத்தில்தான் வரும்.

"கோல்டு ஸ்ப்ரே இருக்கு. அடிச்சா வளையம் தெரியாது" என்றேன்.

"வேணாம், இருக்கட்டும்." வளையத்தை விரலால் தடவினார். "நாளைக்கு அவ போயிடுவா. அவ உடைச்ச எடமாவது எங்கிட்ட இருக்கட்டும். மெர்சி, மெக்கானிக்கு" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

அவருக்கு ஒரு டீ சொன்னேன்.

மறுநாள் நானும் போனேன். கார் கதவு திறந்து ஸ்டெல்லா இறங்கியதும் வாசிக்கத் தொடங்கினார். கோயில் படி வரை பிசிறே இல்லை. படிக்கட்டில் டிரம்பெட்டை என் கையில் திணித்துவிட்டு மகள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. வளையத்தைப் பார்த்தாள், பார்த்துச் சிரித்தாள். வெயிலில் அந்த ஜாயின்ட் அவ்வளவு அழகாக இருந்தது. என் வேலையை நானே அப்படி ரசித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு நான் ஜாயின்டுக்குப் பெயின்ட் அடித்து மறைப்பதில்லை. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

போன வாரம் ஆரோக்கியத்தின் பேண்டிலிருந்து இரண்டு பையன்கள் உடையாத நல்ல டிரம்பெட்டோடு வந்தார்கள்.

"அவருதுல சவுண்டு சூப்பரா வருதுண்ணே. எங்களுதுலயும் அந்தச் செவப்பு வளையத்தப் போட்டுக் குடுங்க."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

"கட்டிக்குங்க. பொண்ணப் பெத்து வளருங்க. அது ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கிட்டப்பறம் வாங்க, போட்டுத் தரேன்."