பிரேம்காரர் வீட்டு முயல்

வந்த வீட்டில் உட்காருமுன் சுவரைப் பார்ப்பார். மாட்டியிருக்கும் படம் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் பிரேம்காரருக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டுக் காலண்டரைக்கூட விட்டுவைத்ததில்லை. காற்றடித்தால் அது மறுபடி சாயும். அவரும் மறுபடி எழுந்திருப்பார்.

அவர் வீட்டின் முன்னறைதான் படங்களுக்குப் பிரேம் போடும் கடை. கண்ணாடி அறுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு, முடிந்ததும் "அப்பாடா" என்று பெரிதாக விடுவார். பிரேமின் மூலை சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். காலடியில் அவருடைய வெள்ளை முயல் சுற்றிவரும்.

ஒருநாள் அந்த முயலும் தலையைச் சாய்த்தது. மனிதருக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தீங்களா, தொழில் கத்துக்கிச்சு!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அது வட்டமடித்துக் கீழே விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார்.

மூளையைப் பிடிக்கும் ஒட்டுண்ணியாம்; தலை சாய்ந்ததும் அதனால்தானாம். முயலின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரலாம். எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களை அநேகமாக ஒன்றும் செய்யாதாம். அவர் மனைவிக்கோ மாற்றுச் சிறுநீரகம். அதை உடம்பு தள்ளிவிடாதிருக்க, எதிர்ப்பை அடக்கும் மாத்திரையை அன்றாடம் விழுங்குகிறவர். முயல் கூண்டைக் கழுவிவந்ததும் அந்த அம்மாதான்.

"எங்கயாவது குடுத்துடறேன்" என்றார் பிரேம்காரர்.

"நோய் வந்தா குடுத்துடணும்னா, முதல்ல என்னையில்ல குடுத்திருக்கணும்?" என்று அந்த அம்மா பேச்சை முடித்துவிட்டார்.

இப்போது முயலுக்குப் பின்னறை. கூண்டைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுவதும் மருந்து ஊட்டுவதும் பிரேம்காரர் வேலை. ஊட்டும்போது பாட்டு வேறு. கணவர் கண்ணாடி பதித்துக் கொடுத்த கதவுக்கு வெளியே நின்று, "போதும் பாட்டு, அதுக்கு இன்னொரு பக்கமும் கழுத்து கோணிக்கப்போகுது" என்பார் அந்த அம்மா. நோய் புகுந்த வீடு என்றால் யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவு சிரிப்பு. ஆனால் மனைவியின் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்களில் எங்கள் காலண்டர் அவர் வந்துபோன பிறகும் கோணலாகவே தொங்கியது. எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

நேற்று நான் அங்கே இருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

"ஏங்க, எனக்கு ஒண்ணும் இல்லையாம்!" என்று கூவினார் அந்த அம்மா.

மருந்தும் கையுமாக முயலிடம் இருந்தவர் பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். மனைவியின் கையைப் பிடிக்க நீட்டியவர், சட்டென்று இழுத்துக்கொண்டார். நேரே குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்தார். தேய்க்கும்போதே அழுதார். பிறகு ஈரத்தைக்கூடத் துடைக்காமல் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.