ரத்தப்பெட்டியும் ஸ்பீடு கன்னும்

அடுத்தவர்களுடைய ரத்தத்தையும் மூத்திரத்தையும் ஒரு ஐஸ் பெட்டியில் அடைத்துக்கொண்டு பைக்கில் ஊர் சுற்றுவதுதான் என் தொழில். குலசேகரம், திருவட்டாறு பக்கத்துச் சின்ன கிளினிக்குகளில் எடுக்கிற சாம்பிள்களை நாகர்கோவிலில் உள்ள எங்கள் லேபுக்கு மத்தியானத்துக்குள் சேர்க்க வேண்டும். நேரம் தப்பினால் லேப் நடத்துகிற லில்லி மேடம் திட்டுவார். நேரத்துக்குப் போய்ச்சேர வேண்டுமென்று பறந்தால் போலீஸ் பிடிக்கும். ஹெல்மெட்டுக்குள் வேர்த்து வடிய செலானைக் கையில் வாங்கிய என்னைப் போன்ற பாவப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டியில் என்ன?

வில்லுக்குறி தாண்டி ரோடு கொஞ்சம் நேராக இருக்கும். அங்கே ஒரு மரத்தடியில் முக்காலி போட்டு கேமரா மாதிரி ஒன்றை வைத்திருந்தார்கள். ரோடு சர்வே என்று நினைத்துக்கொண்டு அதற்கு முன்னாலேயே இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். அதுதான் வேகத்தை அளக்கிற ஸ்பீடு கன். நூறு அடி தள்ளி நின்ற எஸ்.ஐ. கை காட்டி ஓரம் கட்டச் சொன்னார். அவர் மெஷினில் வண்டி நம்பரைத் தட்டியதும் பழைய செலான் இரண்டு எழும்பி வந்தன. போனில் வந்த அந்தச் செய்திகளை, லோன் வேண்டுமா என்று கேட்கிற செய்திகளோடு சேர்த்து நான் அழித்திருந்தேன். நீங்களும் அழித்திருப்பீர்கள். "இனி இங்ஙன தீராது, கோர்ட்டுல பாத்துக்கிடும்" என்று லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்.

பிறகு பெட்டியைப் பார்த்தார். மூடியில் கை வைத்தபடி, "உள்ள என்னவே?" என்றார். "ரத்தம் சார். கொஞ்சம் மூத்திரமும் உண்டு" என்றேன். கையை எடுத்து பேன்ட்டில் இரண்டு தடவை துடைத்தார். அவசரம் என்பதால்தான் வேகமாக வந்தேன் என்று விளக்கினேன். எஸ்.ஐ. பெட்டியை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரத்தத்துக்கு அவசரம் உண்டு, சரி. மூத்திரத்துக்கு எதுக்குவே இந்த வேகம்?"

நல்ல பேச்சு

வக்கீல் தங்கசாமி அண்ணாச்சி மாதாமாதம் எங்கள் லேபில் சுகர் பார்க்கிறவர். அந்த உரிமையில் அவரிடம் போனேன். "குத்தத்த ஒத்துக்கிடும், ஃபைன கட்டும், சோலியப் பாக்கப் போவும்" என்று முடித்துவிட்டார். எனக்கு அது போதவில்லை. இரண்டு நாளாக மனதுக்குள் ஒரு பேச்சு தயார் பண்ணியிருந்தேன். மனித உயிர், ஒரு நிமிடத் தாமதம், மருத்துவத்துறையின் கடைசிக் கண்ணி என்றெல்லாம் அதில் வரும். எழுந்து நின்று அவர் முன்னால் முழுவதையும் சொல்லிக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "நல்ல பேச்சு. ஜட்ஜம்மாட்ட மட்டும் இத சொல்லிராதேயும்" என்றார்.

வராந்தாவில் ஒரு உபதேசியார்

கோர்ட் வராந்தாவில் வேகக்காரர்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில். பரீட்சை முடிந்து மார்க் கேட்பதுபோல, "உங்களுக்கு எவ்வளவு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். துபாயிலிருந்து லீவுக்கு வந்தவர் தன் வேகத்தைச் சொன்னபோது பெஞ்சில் இருந்தவர்கள் மரியாதையாக நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்கள். என்னுடையதைச் சொன்னேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஓரமாக, முகத்தைத் தூணுக்குத் திருப்பி வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்து ஊர்ச் சபை உபதேசியார். அறுபது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு சபைகளில் ஆராதனை நடத்துகிறவர். முதல் சபையில் பாட்டு நீண்டுபோனால் இரண்டாம் சபைக்குப் பறக்க வேண்டும். அவருடைய வேகம் என்னுடையதைவிட அதிகம் என்று அவர் கையிலிருந்த தாளில் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். நகர்ந்து வந்து காதோடு சொன்னார்: "சபையில யாருட்டயும் சொல்லிராத மக்கா. பத்துக் கட்டளையில இது இல்லதான், ஆனாலும்..."

ஜட்ஜம்மா

என் பேரைக் கூப்பிட்டதும் உள்ளே போய்க் கைகட்டி நின்றேன். குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒத்துக்கொண்டேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். பின்னால் நின்ற தங்கசாமி அண்ணாச்சி இருமினார். அதையும் மீறி, மனித உயிர் என்று ஆரம்பித்துவிட்டேன்.

ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அன்னைக்கு உங்க பெட்டியில யாரோட சாம்பிள் இருந்துச்சு?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வந்தது, அந்தக் கூண்டுக்குள் நின்றுகொண்டு முடியவில்லை. அன்றைக்கு ஒரு கம்பெனி தன் ஆட்களுக்கெல்லாம் மெடிக்கல் எடுத்த நாள். அத்தனை பேரும் கல்லுப்போல இருக்கிறவர்கள், ஒருவருக்குச் சளிகூடக் கிடையாது. அதைச் சொன்னேன். ஃபைன் எழுதிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்: "அவங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. நீங்க மெதுவாவே போயிருக்கலாம்."

என்ன மீனு?

ஃபைன் கட்டியதோடு தொலைந்தது என்று நினைத்தேன். லைசென்ஸை மூன்று மாதத்துக்கு நிறுத்திவைத்து ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. லில்லி மேடம் அதை வாசித்துவிட்டு, "பஸ்ஸுல போய்ட்டு வா. சாம்பிள் கெட்டுச்சுண்ணா எனக்கு வேற ஆளப் போடுகதத் தவிர வழியில்ல" என்றார். சிரிக்கவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். நம் மாவட்டத்தில் ஐஸ் பெட்டி என்றால் ஒரே அர்த்தம்தான். குளச்சல்காரி ஒரு அக்கா, தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன மீனு மக்கா?" என்றாள். "மீன் இல்லக்கா, ரத்தம்" என்றேன். சட்டென்று எழுந்து எதிர்ப்பக்க சீட்டுக்குப் போனாள். இரண்டு ஸ்டாப் கழிந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி திரும்பி வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்: "அந்த வெயிலுக்கு இந்த ரத்தம் எவ்வளவோ கொள்ளாம்."

டிரைவர்

இரண்டாம் மாதம் பேச்சிப்பாறைப் பக்கத்துக் கிளினிக்கிலிருந்து ஒரு சாம்பிள். எட்டு வயதுப் பெண்பிள்ளை, விடாத காய்ச்சல். பிளேட்லெட் எவ்வளவு என்று தெரிந்தால்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். ரப்பர் வெட்டுகிற அவள் அப்பா வாசலில் நின்றார். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பதை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றார். என்னிடம் ஒரு வண்டி இருந்து, அதை எடுக்க முடியாமல் போனது அன்றைக்குத்தான் உறைத்தது.

குலசேகரம் முக்கில் திற்பரப்பு அருவிக்குக் குளிக்க வந்த வேன்கள் வழியை அடைத்து நின்றன. அது ஒருவழியாகத் தெளிந்த பிறகும் எங்கள் பஸ் மாட்டுவண்டி மாதிரி போயிற்று. பொறுக்க முடியாமல் டிரைவரிடம் போனேன். பெட்டியைக் காட்டி, பிள்ளையைப் பற்றிச் சொல்லி, கொஞ்சம் மிதியுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கேட்டுக்கொண்டார். மீதி வழியெல்லாம் ஒரு டீக்குக்கூட நிறுத்தவில்லை, கை காட்டியவர்களைச் சீக்கிரம் ஏறச் சொல்லி அதட்டினார். ஆனால் வேகம் மட்டும் அதே வேகம்தான். நான் மறுபடி வாயைத் திறந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உம்ம லைசென்ஸு போன கத கண்டக்டர் சொன்னான். என் லைசென்ஸையும் அது கூடக் கொண்டு வைக்கணுமா?"

லில்லி மேடம்

சாம்பிள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மேடம் மற்ற வேலையைப் போட்டுவிட்டு அதை முதலில் எடுத்தார். பிளேட்லெட் குறைந்துதான் இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டார், அன்று சாயங்காலமே பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறு வாரம் கிளினிக்குக்குப் போனபோது அவள் அப்பாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் பெட்டியைக் கண்டதும் ஊசி என்று நினைத்து அழத் தொடங்கினாள். அந்த அழுகை எனக்குக் கேட்க நன்றாக இருந்தது.

லைசென்ஸ் திரும்பிய அன்று பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு லேபுக்குள் நுழைந்தேன். மேடம் உட்காரச் சொன்னார். "இந்த மூணு மாசத்துல மறுபடி குத்தி எடுக்கச் சொல்லி ஒரு கிளினிக்குக்காவது போன் போட்டேனா, யோசிச்சுப் பாரு" என்றார். யோசித்தேன். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒன்றிரண்டு போனாவது போகும். ரத்த அணு உடைந்துபோயிற்று, திரும்ப எடுங்கள் என்பார். எடுத்த நர்ஸ்மார்கள் மேல்தான் குற்றம் என்று நினைத்து, சிலரிடம் கொஞ்சம் கர்வமாகப் பேசியும் இருக்கிறேன். மேடம் டியூப் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தபடி சொன்னார்: "ரோட்டுல குழி உண்டுண்ணு ரத்தத்துக்குத் தெரியும் அனீஷு, உனக்குத்தான் தெரியல்ல."

இப்போது தக்கலை ரோட்டில் ஐஸ் பெட்டியோடு ஓரமாக ஊர்ந்து போகிற ஒரு பைக்கைப் பார்த்து ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்திப் போகிறவர்களில் நீங்களும் ஒருவரென்றால், தாராளமாகப் போங்கள், கோர்ட் வராந்தாப் பெஞ்சில் எந்த ஓரத்தில் காற்று வரும் என்பதை மட்டும் என்னிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.