மாமனார் புதைத்த டீசல் டேங்க்

காபியில் பஸ் ஸ்டாண்டு வாசனை வருகிறது என்று என் கணவர் சொன்னபோது, நான் அதை என் காபிக்குக் கிடைத்த விமர்சனம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவர் வாயே திறக்காத மனுஷர். எப்போதாவது திறந்தால் இப்படித்தான் ஏதாவது வந்து விழும். "அப்ப பஸ் ஸ்டாண்டுலயே போய்க் குடிங்க" என்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கிய கையோடு ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. மனுஷர் சொன்னது நிஜம்தான்.

முதலில் பாலைச் சந்தேகப்பட்டேன். பால்காரரோடு ஒரு சண்டையும் போட்டேன், அது வீண். பிறகு கிணற்றில் ஒரு வாளி இறைத்து மூக்கருகே கொண்டுபோனேன். டீசல் நாற்றம் வாளித் தண்ணீரிலேயே இருந்தது.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் உப்பளம் ஆரம்பிக்கிறது. இங்கே யார் வீட்டில் எங்கே தோண்டினாலும் வாயில் வைக்க முடியாத தண்ணீர்தான் வரும். எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணறு மட்டும், எந்த ஆண்டவர் போட்ட பிச்சையோ, இளநீர் மாதிரி இருக்கும். குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் தெருப் பெண்கள் குடத்தோடு எங்கள் கொல்லையில்தான் நிற்பார்கள். பெரிய முதலியார்சாவடியிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்த என் அப்பா, மாப்பிள்ளையைப் பார்த்ததைவிடக் கிணற்றைப் பார்த்த நேரம்தான் அதிகம். "பையன் சுமார்தான், தண்ணி நல்லா இருக்குது" என்று அம்மாவிடம் வந்து சொன்னாராம். அந்தத் தண்ணீரை நம்பித்தான் நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தேன்.

கிணற்றை ஒட்டி மண்ணுக்குள் ஒரு டீசல் டேங்க் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். என் மாமனார் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். பாத்திக்குத் தண்ணீர் இறைக்க அப்போதெல்லாம் டீசல் இன்ஜின்தான். ஒரு சீசனில் நடுவே டீசல் கிடைக்காமல் பாத்திகள் காய்ந்து போய்விட்டனவாம். அந்தக் கோபத்தில் மனுஷர் ஒரு பழைய லாரி டேங்கை வாங்கி வந்து கொல்லையில் புதைத்து, டீசலை ரொப்பி, வாய்க்கு மூடியும் மூடிக்குப் பூட்டும் போட்டார். போயும் போயும் கிணற்றுக்குப் பக்கத்திலா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவரைக் கேள்வி கேட்கிற ஆள் அந்த வீட்டில் பிறக்கவில்லை. நான் மருமகளாக வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் அதிர்ஷ்டம்.

பிறகு கரண்டு மோட்டார் வந்தது. டேங்க் மிச்சமிருந்த டீசலோடு மண்ணுக்குள்ளேயே கிடந்தது. பூட்டுச் சாவி என் கணவரின் அண்ணன் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. எங்கள் பக்கம் அவரை மச்சாண்டார் என்போம். மனைவியை இழந்தவர், முன்கட்டில் இருக்கிறார், சாப்பாடு எங்களோடு. தம்பி பெண்டாட்டியிடம் மச்சாண்டார் முகம் பார்த்துப் பேசக்கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. ஊரே அதை எப்போதோ கைகழுவிவிட்டது, அவர் விடவில்லை. "கொழம்பு ஆறிப்போச்சு போலிருக்குது" என்பார் சுவரிடம். "நேரத்துக்கு வந்து உக்காந்தா ஏன் ஆறுது?" என்பேன் நான் அடுப்பிடம். இப்படியே ஒரு குறையும் இல்லாமல் குடும்பம் நடந்தது.

"ண்ணா, டேங்க் ஒழுவுது போல. எடுத்துடலாம்" என்று என் கணவர் பேச்சை எடுத்தார்.

"அப்பா பொதைச்சது ஒழுவாது" என்றார் மச்சாண்டார்.

"அப்ப கெணத்துல வர்ற நாத்தம் சென்ட்டு வாசனையா?" என்று அடுப்பைக் கேட்டேன்.

"நாத்தம்னு சொல்றவங்க முதல்ல மூக்க டாக்டர்கிட்ட காட்டணும்" என்றார் சுவரிடம்.

சரி, ஊர் மூக்கு சொல்லட்டும் என்று தெருவையே கூப்பிட்டேன். ஆளாளுக்கு வாளியில் மூக்கை நுழைத்தார்கள். எதிர்வீட்டு அக்காவின் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அக்கா ஒரே மோப்பத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "டீசலேதான்! எங்க வீட்டுக்காரரு சட்டையில இதே வாசனைதான் வரும். நான் துவைக்காத டீசலா?" அன்று எல்லோரும் காலிக் குடத்தோடு திரும்பிப் போனார்கள். மச்சாண்டாருக்கு அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். சாவியை அவிழ்த்துத் தம்பி கையில் வைத்தார்.

காயலாங்கடைக்காரர் ஒருவர் வந்தார். டேங்கை அவரே தோண்டி எடுத்துப் பழைய இரும்புக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு. அடியில் கிடந்த டீசலைக் கேன்களில் உறிஞ்சி எடுத்துவிட்டு, "இங்க யாரும் நெருப்பு பத்த வைக்காதீங்க, உள்ள ஆவி இருக்குது" என்றார். அவர் சொல்லி வாயை மூடவில்லை, மச்சாண்டார் ஒரு பீடியைப் பற்றவைத்தார். "எங்க அப்பா டேங்குக்கிட்ட நான் குடிக்காத பீடியா?" என்றார். காயலாங்கடைக்காரர் தெருமுனைக்கே ஓடிவிட்டார். பீடி முடிந்ததா என்று அங்கிருந்தே ஆள்விட்டுக் கேட்டுக்கொண்டு பிறகுதான் திரும்பி வந்தார்.

பொக்லைன் திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். வானமோ அன்றைக்கே கறுத்துக்கொண்டு வந்தது. "காலி டேங்க் ஆபத்துங்க" என்றார் காயலாங்கடைக்காரர். "மழையில கீழ தண்ணி ஊறிச்சுன்னா படகு மாதிரி மெதந்து மேல வந்துடும். கெணத்துச் சுவத்தையும் சேத்துப் பேத்துடும். அதுவரைக்கும் தண்ணி ரொப்பி வைங்க, கனத்துல அப்படியே கெடக்கும்."

ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் பூசைக்குப் போனேன். கிணற்றுக்காகத்தான் வேண்டிக்கொண்டேன், வேறு எதுவும் மனசில் ஓடவில்லை. திரும்பி வந்தால் வாசலில் ஒரு டிராக்டர் டேங்கர் கிளம்பிக்கொண்டிருந்தது. மச்சாண்டார் இடுப்பில் கைவைத்து நின்று முருங்கை மரத்தைப் பார்த்துச் சொன்னார். "ரொப்பியாச்சு. உப்பளத்துலேருந்து வரவழைச்சேன். சாதா தண்ணிய விட உப்புத் தண்ணி கனம். இன்னும் ரெண்டு மழை பேஞ்சா பாத்தியில வீணாத்தான போவப் போவுது?"

சாதாரண கடல் தண்ணீர் கூட இல்லை. பாத்தியில் வெயில் குடித்துக் குடித்துக் கெட்டியான, இன்னும் இரண்டு நாள் விட்டால் உப்பாகவே பூத்துவிடும் தண்ணீர். அவர் கணக்கில் குற்றமே சொல்ல முடியாது. கனம் வேண்டும், அது கனம். வீணாகக் கூடாது, அது வீணாகவில்லை. ஆனால் ஓட்டை டேங்க் என்று சொல்லித்தானே ஐயா அதை எடுக்கிறோம்! டீசல் நாற்றம் நாலு மழையில் போய்விடும். அந்த உப்பு கிணற்றில் இறங்கினால் நாங்கள் எங்கே போவது? இதையெல்லாம் அடுப்பிடம் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். என் கணவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணன் நல்லதுக்குத்தான் செஞ்சாரு" என்றார். இந்த வீட்டில் எல்லா அநியாயமும் நல்லதுக்குத்தான் நடக்கும்.

திங்கட்கிழமை பொக்லைன் வந்தது. மண்ணை அள்ள அள்ள டேங்க் கறுப்பாக எழும்பியது. மேலிருந்து கீழ்வரை தாராளமாகத் தார் பூசியிருந்தார் மாமனார். எங்கேயும் ஓட்டை இல்லை, கசிவு இல்லை, துரு கூட இல்லை. மச்சாண்டார் பள்ளத்துக்குள்ளேயே குதித்து அதைத் தட்டினார். "பாருங்கடா! ஒரு ஊசி ஓட்டை காட்டுங்க, மீசைய எடுத்துக்கறேன்!" மூடியைத் திறந்து, ரொப்பிய தண்ணீர் கொஞ்சமும் குறையவில்லை என்று பார்க்கச் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் பறந்துவிட்டது. உப்பு இறங்கவில்லை, கிணறு பிழைத்தது. அது போதும் எனக்கு.

உப்புத் தண்ணீரை மோட்டார் வைத்துத் தெருக் கால்வாய்க்கு இறைத்தார்கள். பாதியில் டேங்கின் அடிச்சேறு மோட்டாரை அடைத்துக்கொண்டது. "பரவால்ல, மிச்சத்தோட தூக்கிடலாம்" என்றார் காயலாங்கடைக்காரர். சங்கிலி கட்டினார்கள். டேங்க் அசைந்து மேலே எழும்பிப் பள்ளத்துக்கு மேல் தொங்கியது.

அப்போதுதானா என் கணவருக்கு வாய் திறக்க வேண்டும்? "ஏண்ணா, டேங்க் ஒழுவலன்னா டீசல் வாசனை எங்கேருந்து வந்துது?"

மச்சாண்டாருக்கு வெற்றிக் களிப்பு. "வாசனைய வுடுடா. அப்பா டீசல் மாதிரி சரக்கு இன்னைக்குக் கெடைக்குமா? அந்தக் கெணத்துக் கப்பியப் பாரு, எப்படி வழுக்கிட்டுச் சுத்துது! இந்த ரெண்டு மாசமா வாராவாரம் நான்தான டேங்குலேருந்து எடுத்து ஊத்துறேன்!"

உப்புக் காற்று எங்கள் ஊரில் எந்த இரும்பையும் விட்டுவைக்காது. கேட்டு, ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின் என்று எல்லாவற்றுக்கும் ஆண்கள் டீசல் துணியோடு அலைவார்கள். அது ஒரு வியாதி. ஆனால் கப்பி தொங்குவது கிணற்று வாய்க்கு நேர் மேலே. எல்லோரும் சேர்ந்தாற்போல் கப்பியைப் பார்த்தோம். அதன் அடியில் கறுப்பாக ஒரு சொட்டு திரண்டு நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளே விழுந்தது.

எனக்கு அடுப்பும் தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை. நேரே அவர் முன்னால் போய் நின்றேன். "ஏன் மாமா! நீங்கதானா அது? நாங்க குடிக்கிற தண்ணியிலயா வாராவாரம் டீசல் ஊத்துனீங்க? உங்களுக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?" கல்யாணமாகி வந்து அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. பொக்லைன் ஓட்டுகிறவர் ஒரு வார்த்தையும் தவறவிடக் கூடாதென்று கேபினிலிருந்து உடம்பை வெளியே நீட்டினார். கை எந்த நெம்புகோலில் பட்டதோ, டேங்க் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திறந்த மூடியை யாரும் திரும்ப மூடவில்லை. மிச்சமிருந்த உப்புத் தண்ணீர் மொத்தமும் தடதடவென்று பள்ளத்தில் கொட்டியது. எங்கள் மண் மணல் மண். நாங்கள் ஐயோ என்று முடிப்பதற்குள் குடித்துவிட்டது.

மறுநாள் கிணற்றுத் தண்ணீர் கரித்தது. அதற்கடுத்த நாள் வாயில் வைக்க முடியவில்லை. நான் கிணற்றடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். யாராவது செத்தால்தான் அப்படி அழுவார்கள். எதிர்வீட்டு அக்கா குடத்தோடு வந்து, என்னைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மச்சாண்டார் கப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிணற்றை இறைக்க ஆரம்பித்தார். கரண்டு இருந்தால் மோட்டார், இல்லாவிட்டால் கை. ஊற ஊற இறைத்துத் தெருவில் விட்டார். மழை வந்தது, கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு இறைத்தார். கை கொப்புளித்து உரிந்தது. தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீரைச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமுவார். உப்பளத்திலேயே கிடந்த அவர் நாக்குக்கு உப்பு தெரியாது. என் நாக்குதான் வேண்டும். "எப்படி இருக்குதுன்னு கேளு" என்பார் ஜன்னல் கம்பியிடம். நான் குடித்துப் பார்த்து, "உப்பு" என்பேன். சொம்பை எடுத்துக்கொண்டு மறுபடி இறைக்கப் போவார். அந்தக் கைகளைப் பார்த்து, பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று பல நாள் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு வராது.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு காலை. மழை நின்று வெளுத்திருந்தது. சொம்பு வந்தது. குடித்தேன். இன்னொரு வாயும் குடித்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கரிக்கல மாமா" என்றேன்.

அவர் நகரவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றியாம்மா?"

"உங்க மனசப் பாத்து நான் என்னைக்கு மாமா பேசியிருக்கேன்?"

அதைக் கேட்ட பிறகுதான் அவர் நம்பினார். சொம்பை வாங்கி, மிச்சமிருந்த தண்ணீரை அண்ணாந்து முழுவதும் குடித்தார்.